மரமுள்ள தெருவில் மன அழுத்தம் குறையுமா?

காலையில் விழித்தெழுந்த அரை மணி நேரத்தில் நம் உடலில் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் உச்சத்துக்கு ஏறுகிறது. அன்றைய வேலைக்கு உடம்பைத் தயார்ப்படுத்துவது அதுதான். பொழுது போகப் போக அது குறைந்து, படுக்கும் நேரத்தில் அடிமட்டத்துக்கு வந்துவிட வேண்டும். கடன், வேலையின்மை, ஓயாத இரைச்சல் என்று நெருக்கடி நாள்பட்டு நீடித்தால் இந்த ஒழுங்கு குலைகிறது. தூக்கம் கெடுகிறது, ரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஏறுகின்றன. குடியிருக்கும் தெருவின் பசுமைக்கும் இந்த ஹார்மோனுக்கும் தொடர்பு உண்டா?

எச்சிலில் கிடைத்த தடயம்

ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் இதைச் சோதித்தார்கள். வசதி குறைந்த பகுதிகளில் வாழும், வேலையில் இல்லாத, 35 முதல் 55 வயது வரையிலான ஆண்களும் பெண்களும் நாளுக்குப் பலமுறை எச்சில் மாதிரி கொடுத்தனர். 2012-ல் முடிவு வெளியானது. பசுமை கூடுதலாக உள்ள பகுதிகளில் இருந்தவர்களுக்குக் கார்ட்டிசால் பகலில் முறையாக இறங்கியது. மன அழுத்தம் குறைவு என்று அவர்களே சொல்லவும் செய்தனர். பங்கேற்றவர்கள் 25 பேர்தான். அடுத்த ஆண்டு 106 பேரை வைத்து வெளியான ஆய்வில், பசுமை குறைந்த இடங்களில் வாழும் பெண்களிடம் பாதிப்பு தெளிவாகத் தெரிந்தது.

இங்கே ஒரு நியாயமான சந்தேகம் எழும். நிம்மதியாக இருப்பவர்கள் பசுமையான இடமாகப் பார்த்துக் குடியேறியிருக்கலாம் அல்லவா? அதைத் தீர்க்க நல்ல வழி, குடியிருப்பவர்களை அப்படியே விட்டுவிட்டு இடத்தை மட்டும் மாற்றிப் பார்ப்பதுதான்.

பிலடெல்பியாவின் காலி மனைகள்

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் அதைத்தான் செய்தார்கள். கவனிப்பாரற்றுக் கிடந்த 541 காலி மனைகளைக் குலுக்கல் முறையில் மூன்று வகையாகப் பிரித்தார்கள். முதல் வகையில் குப்பையை அகற்றி, நிலத்தைச் சமன் செய்து, புல் விதைத்து, சில மரக்கன்றுகளை நட்டு, இடுப்பளவுக்கும் குறைவான மரவேலி போட்டு, தொடர்ந்து பராமரித்தார்கள். இரண்டாவது வகையில் துப்புரவு மட்டும். மூன்றாவது வகை இருந்தபடியே விடப்பட்டது.

2018-ல் வெளியான முடிவின்படி, பசுமையாக்கிய மனைகளுக்கு அருகில் வசித்தவர்களிடம், ஒன்றும் செய்யாத இடங்களோடு ஒப்பிட, மனச்சோர்வாக உணர்வதாகச் சொல்வது சுமார் 41 விழுக்காடு குறைந்தது. வறுமைக் கோட்டுக்குக் கீழான பகுதிகளில் இந்தக் குறைவு 68 விழுக்காட்டைத் தாண்டியது. குப்பையை மட்டும் அள்ளிய இடங்களிலோ குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. போட்டது பெரிய பூங்கா அல்ல. ஒரு வீட்டு மனை அளவுப் புல்தரையும் சில மரங்களுமே.

இல்லாதவர்களுக்கே கூடுதல் பலன்

வசதி உள்ளவர்கள் மனம் வாடினால் மலைவாசஸ்தலத்துக்குப் போகலாம். அன்றாடம் உழைத்துப் பிழைப்பவருக்கு வீட்டு வாசலைத் தாண்டிய நூறடிதான் உலகம். அங்கே என்ன இருக்கிறதோ அதுதான் அவருக்கு ஓய்வு. இங்கிலாந்தின் இறப்புப் பதிவுகளை ஆராய்ந்து 2008-ல் லான்செட் இதழில் வந்த கட்டுரையும், பசுமை மிகுந்த பகுதிகளில் ஏழை-பணக்காரர் இடையிலான இறப்பு வித்தியாசம் குறைவு என்று காட்டியது.

உடலுக்குள் என்ன நடக்கிறது?

நிழல் இருந்தால் கால் தானாக வெளியே போகிறது, நடை கூடுகிறது. அடர்ந்த மரங்கள் தெருவின் சூட்டைத் தணிக்கின்றன. உட்கார இடம் இருந்தால் அக்கம்பக்கத்தாருடன் பேச்சு வளர்கிறது; தனிமை விலகுகிறது. வண்டிகளையும் செல்பேசியையும் இடைவிடாமல் கவனித்துக் களைத்த மூளைக்கு, இலையசைவைப் பார்ப்பது எந்த முயற்சியும் கேட்காத இளைப்பாறல்.

எவ்வளவு, எவ்வளவு தொலைவில்?

வீட்டிலிருந்து 300 மீட்டருக்குள், அதாவது ஐந்து நிமிட நடையில், அரை முதல் ஒரு ஹெக்டேர் பசுமைவெளி இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பிய அலுவலகம் தரும் அளவுகோல். இங்கிலாந்தில் சுமார் 20,000 பேரிடம் நடத்தி 2019-ல் வெளியிட்ட ஆய்வில், வாரத்துக்கு 120 நிமிடமாவது இயற்கைச் சூழலில் இருந்தவர்கள் நல்ல உடல்நலத்தோடும் மனநிறைவோடும் இருப்பதாகச் சொல்லும் வாய்ப்பு கூடியது. ஒரே மூச்சில் இருந்தாலும் பிரித்துப் பிரித்துப் போனாலும் பலன் ஒன்றே.

நாம் செய்யக்கூடியவை

* நடைப்பயிற்சிக்கு மரமுள்ள தெருவைத் தேர்ந்தெடுங்கள். சற்றுச் சுற்றாக இருந்தாலும் பரவாயில்லை.
* வெளியே போக முடியாத முதியவரின் கட்டிலை, மரம் தெரியும் ஜன்னலோரம் போடுங்கள்.
* உங்கள் மனைப்பிரிவின் வரைபடத்தில் பூங்காவுக்கென ஒதுக்கிய இடம் உண்டா என்று பாருங்கள். அது குப்பைமேடாகக் கிடந்தால் குடியிருப்போர் சங்கம் மூலம் உள்ளாட்சி அலுவலகத்தில் மனுக் கொடுங்கள்.
* விளக்கு, உட்கார இடம், தண்ணீர் தேங்காத வடிகால் மூன்றையும் கேட்டு வாங்குங்கள். இருட்டும் கொசுவும் உள்ள பூங்காவுக்குப் பெண்களும் குழந்தைகளும் வரமாட்டார்கள்.

பசுமை, சிகிச்சைக்கு மாற்று அல்ல. இரண்டு வாரத்துக்கு மேல் மனச்சோர்வோ தூக்கமின்மையோ நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற அரசின் இலவச மனநல உதவி எண்ணையும் அழைக்கலாம். ஆனால் மாத்திரை ஒருவருக்குத்தான் வேலை செய்யும். தெருமுனையில் பராமரிக்கப்படும் நாலு மரம் அந்தத் தெருவுக்கே வேலை செய்யும். சாலை, குடிநீர், சாக்கடை வரிசையில் அதையும் சேர்த்துக் கேட்பதே சரி.