துணை ஜனாதிபதி தேர்தலில் தாராவி ஓட்டுக்கும் பங்கு உண்டு!

மும்பை மலபார் ஹில் கவர்னர் மாளிகையில் ஓராண்டுக்கு மேல் இருந்த தமிழர், நாட்டின் துணை ஜனாதிபதி ஆனார். திருப்பூரைச் சேர்ந்த சி.பி.ராதாகிருஷ்ணன்தான் அவர். 1998, 1999 தேர்தல்களில் கோவை எம்.பி.யாக வெற்றி பெற்றவர். 2024 ஜூலையில் மராட்டிய கவர்னராக வந்தார். 2025 செப்டம்பர் 12-ந் தேதி துணை ஜனாதிபதியாகப் பதவி ஏற்றார்.

திருத்தணியில் பிறந்த டாக்டர் எஸ்.ராதாகிருஷ்ணன் 1952-லும், 1957-லும் போட்டியின்றி இப்பதவிக்கு வந்தார். பட்டுக்கோட்டையை அடுத்த ராஜாமடத்தில் பிறந்த ஆர்.வெங்கட்ராமன் 1984-ல் வந்தார். இருவருமே பிறகு ஜனாதிபதி ஆனார்கள்.

"நாம் யாரும் ஓட்டுப் போடவில்லையே! இவரைத் தேர்ந்தெடுத்தது யார்?" என்று கேட்கும் நண்பர்கள் தாராவியிலும் மாட்டுங்காவிலும் உண்டு. நியாயமான கேள்விதான்.

எம்.பி.க்கள் மட்டுமே

ஜனாதிபதி தேர்தலில் எம்.எல்.ஏ.க்களுக்கும் ஓட்டு உண்டு. துணை ஜனாதிபதி தேர்தலில் கிடையாது. மக்களவை, மேல்-சபை எம்.பி.க்கள் மட்டுமே ஓட்டுப் போடுவார்கள். நியமன எம்.பி.க்களும் போடலாம். எல்லா ஓட்டுக்கும் ஒரே மதிப்புதான்.

வேட்பாளருக்கு 35 வயது நிரம்பி இருக்க வேண்டும். 20 எம்.பி.க்கள் முன்மொழிய, வேறு 20 பேர் வழிமொழிய வேண்டும். டெபாசிட் 15 ஆயிரம் ரூபாய். ஓட்டு ரகசியமானது. இன்னாருக்குத்தான் போட வேண்டும் என்று கட்சிக் கொறடா உத்தரவு போட முடியாது.

ஜெகதீப் தன்கர் 2025 ஜூலையில் ராஜினாமா செய்ததால், செப்டம்பர் 9-ந் தேதி தேர்தல் நடந்தது. 767 பேர் ஓட்டுப் போட்டார்கள். ராதாகிருஷ்ணனுக்கு 452, எதிர்த்து நின்ற முன்னாள் நீதிபதி சுதர்சன் ரெட்டிக்கு 300. மீதி 15 ஓட்டுகள் செல்லாதவை! பெயருக்கு நேராக 1, 2 என்று எண்ணால் எழுத வேண்டும். எழுத்தால் எழுதினால் செல்லாது. சட்டம் இயற்றுகிறவர்களே பாரம் நிரப்புவதில் கோட்டை விட்டால், நாம் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்!

இடையில் காலியான பதவி என்றாலும், புதிதாக வருபவருக்கு முழு ஐந்து ஆண்டு உண்டு. மிச்ச காலம் மட்டும் என்ற கணக்கு இங்கே இல்லை.

என்ன வேலை?

அன்றாட வேலை மேல்-சபையை நடத்துவது. யாரைப் பேச அழைப்பது, கூச்சலை எப்படி அடக்குவது என்பதெல்லாம் அவர் கையில். ஆனால் அவருக்கு அங்கே சாதாரணமாக ஓட்டு இல்லை. இரு பக்கமும் சமமாக விழுந்தால் மட்டுமே அவர் ஓட்டுப் போடலாம்.

ஜனாதிபதி இறந்தாலோ விலகினாலோ, அந்தப் பொறுப்பு இவரிடம் வரும். ஸ்டேஷன் மாஸ்டர் இல்லாத நேரத்தில் ரிலீவிங் மாஸ்டர் பொறுப்பு ஏற்பது போல! 1969-ல் ஜாகிர் உசேன் மறைந்தபோது வி.வி.கிரியும், 1977-ல் பக்ருதீன் அலி அகமது மறைந்தபோது பி.டி.ஜாட்டியும் இப்படிப் பொறுப்பு ஏற்றார்கள். ஆறு மாதத்துக்குள் புதிய ஜனாதிபதியைத் தேர்ந்தெடுத்துவிட வேண்டும்.

நம் பங்கு எங்கே?

தாராவி, செம்பூர் பகுதிகள் தென்-மத்திய மும்பை மக்களவைத் தொகுதியில் இருக்கின்றன. அந்த எம்.பி.யை அனுப்புவது இங்குள்ள வாக்காளர்கள். ஆகவே, இங்கே பதிவான ஒவ்வொரு ஓட்டும் சுற்றி வளைத்து டெல்லி ஓட்டுப் பெட்டி வரை போகிறது. நெல்லையில் ஓட்டு வைத்திருப்பவருக்கு அந்த ஊர் எம்.பி. மூலம் பங்கு.

ஆனால் பிழைப்புக்காகக் குடிசை மாறி, அறை மாறி, இரண்டு பட்டியலிலும் பெயர் விட்டுப் போனவருக்கு எந்தப் பங்கும் இல்லை. இரண்டு ஊரிலும் பெயர் வைத்திருப்பதும் சட்டப்படி குற்றம். புதிதாகச் சேர 6-ம் எண் பாரம், முகவரி மாற 8-ம் எண் பாரம்.

நம்மவர் உயர்ந்த பதவியில் இருப்பது பெருமை. பட்டியலில் நம் பெயர் இருப்பது உரிமை. பெருமை பேசும் நேரத்தில், ஒருமுறை பட்டியலையும் பார்த்து விடுங்கள்!