கண்ணாடிக்குள் ஒரு கடல் – 5: முதல் மீன் எது?

புதிய கடல்நீர்த் தொட்டியில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்ஜியத்துக்கு இறங்கும்வரை பொறுங்கள் என்று சென்ற வாரம் எழுதியிருந்தேன். பொறுத்தவர்கள் இந்த வாரம் கடைக்குப் போகலாம். ஆனால் பார்ப்பதற்கு மட்டும், வாங்குவதற்கு அல்ல.

நூறு லிட்டர் தொட்டிக்கு மூன்று சிறிய மீன்கள் போதும். நன்னீர்த் தொட்டியில் கப்பியும் மோலியும் கூட்டமாக வளர்த்தவர்களுக்கு இந்தக் கணக்கு ஏமாற்றம் தரும். உப்புநீரில் ஆக்ஸிஜன் நன்னீரைவிடக் குறைவாகவே கரைகிறது. சூடு ஏற ஏற இன்னும் குறைகிறது. மே மாதத்து இரவில் மின்சாரம் போனால், கூடுதலாக விட்ட ஒவ்வொரு மீனும் மற்றவற்றின் மூச்சில் பங்கு கேட்கும்.

முதல் இரண்டு இடங்களும் கோமாளி மீனுக்குத்தான். ஆரஞ்சு உடலில் மூன்று வெள்ளைப் பட்டைகள் கொண்ட ஆசெல்லாரிஸ் வகையைக் கேளுங்கள். 2003இல் வந்த ‘ஃபைண்டிங் நீமோ’ அதைப் பிரபலமாக்கியது உண்மைதான். நான் அதைச் சொல்வதற்குக் காரணம் வேறு. பொரிப்பகத்தில் பிறந்து, குஞ்சிலிருந்தே தொட்டி நீருக்கும் குருணைத் தீனிக்கும் பழகிய கோமாளி மீன்கள் கிடைக்கின்றன. மண்டபத்திலும் விழிஞ்ஞத்திலும் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையங்களும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் கோமாளி மீன்களைத் தொட்டியிலேயே முட்டையிட வைத்துக் குஞ்சுகளை வளர்த்துக் காட்டியிருக்கின்றன.

ஆண் எது, பெண் எது என்று கடைக்காரரிடம் கேட்க வேண்டாம். கோமாளி மீன்கள் முதலில் ஆணாகவே முதிர்கின்றன. சேர்ந்து வாழ்பவற்றில் பெரியது பெண்ணாகும். அது செத்தால் அடுத்த ஆண் பெண்ணாக மாறும். எனவே அளவில் வித்தியாசம் தெரியும் இரண்டு இளம் மீன்களைத் தேர்ந்தெடுங்கள். ஒரே நேரத்தில் தொட்டியில் விட்டால் யார் பெரியவர் என்பதை அவையே முடிவு செய்துகொள்ளும். சிறியது பெரியதன் முன் உடலைச் சாய்த்து நடுங்கினால் நோய் என்று பதறாதீர்கள். அது பணிந்துபோகும் அடையாளம். கடல் சாமந்தி இல்லாமல் இவை வாழாது என்று சிலர் சொல்வார்கள். தொட்டியில் அது தேவையே இல்லை. நல்ல வெளிச்சமும் நன்கு பழகிய தொட்டியும் இல்லாவிட்டால் கடல் சாமந்திதான் முதலில் அழுகும், நீரையும் கெடுக்கும்.

மூன்றாவது இடத்துக்கு என் விருப்பம் பங்காய் கார்டினல். வெள்ளி உடலில் கறுப்புப் பட்டை, நீண்ட துடுப்புகள், எட்டு சென்டிமீட்டருக்குள் அளவு, சாதுவான குணம். இதன் தாயகம் இந்தோனேசியாவில் சுலவேசியை ஒட்டிய பங்காய் தீவுகள் மட்டுமே. முட்டைகளை ஆண் தன் வாயில் சுமக்கிறது. சுமார் மூன்று வாரம் இரை எடுப்பதில்லை. பொரிந்த குஞ்சுகள் கடலோட்டத்தில் மிதந்து தூரம் போவதில்லை. அதனால் ஒரு திட்டில் உள்ளவற்றை அள்ளிவிட்டால் வேறு திட்டிலிருந்து எளிதில் வந்து நிரம்பாது. வண்ணமீன் வணிகத்துக்காகப் பிடித்துப் பிடித்தே, 2007இல் இது அழியும் ஆபத்தில் உள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. இத்தனைக்கும் தொட்டியிலேயே குஞ்சு எடுக்கக்கூடிய மீன்! பொரிப்பகத்து மீன் என்று உறுதியானால் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் அந்த இடம் காலியாகவே இருக்கட்டும்.

விலை குறைவென்று நீல டாம்செல்லைத் தேர்ந்தெடுக்காதீர்கள். முரட்டு மீன், பின்னால் வருபவற்றைத் துரத்தித் துரத்திக் கடிக்கும். ‘டோரி’ என்று குழந்தைகள் கேட்கும் நீல டாங் ஓர் அடி வரை வளரும். மாண்டரின் மீன் பாறையிடுக்கில் வாழும் மிகச் சிறிய உயிரினங்களை நாள் முழுக்கப் பொறுக்கித் தின்பது. புதிய தொட்டியில் மெல்லப் பட்டினியில் சாகும். கடற்குதிரையும் உயிருள்ள பவளமும் இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருபவை. யார் நீட்டினாலும் தொடாதீர்கள்.

கடையில் இரண்டு விஷயங்களைக் கேளுங்கள். முதலாவது, இது எங்கே பிறந்தது? பிலிப்பைன்ஸிலும் இந்தோனேசியாவிலும் சயனைடு தெளித்து, மயங்கிய மீன்களை அள்ளும் வழக்கம் பல பத்தாண்டுகளாக உண்டு. அப்படிப் பிடித்தவை நலமாகத் தெரிந்து, வீட்டுக்கு வந்தபின் சாகலாம். இரண்டாவது, என் கண் முன்னால் தீனி போடுங்கள். ஓடி வந்து தின்னாத மீன், வயிறு ஒட்டிய மீன், செவுள் படபடக்கும் மீன், உடலில் உப்புத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள் உள்ள மீன் எதையும் எடுக்காதீர்கள். அதே தொட்டியில் நீந்தும் மற்றவையும் வேண்டாம்.

பிடித்த மீனைக் கண்டால் முன்பணம் கொடுத்து அங்கேயே விட்டு வையுங்கள். புது மீனைத் தனியே வைத்துக் கவனிக்கும் தொட்டியை அடுத்த வாரம் அமைப்போம். அது தயாராகும்வரை எந்த மீனும் வீட்டுக்கு வர வேண்டாம்.