பைக் ஸ்பிரிங்கை மாற்றும் முன் எக்செலில் ஒரு கணக்கு

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய பலர் வீட்டில் அது பாட்டு கேட்கவும், படம் பார்க்கவும், பிள்ளைகள் கேம்ஸ் விளையாடவும் மட்டுமே பயன்படுகிறது. எக்செலைத் திறந்தால் வெறும் கட்டங்கள். "இது ஆபீஸ்காரர்களுக்கு உள்ளது" என்று மூடிவிடுகிறோம். உண்மையில், பணம் செலவழிக்கும் முன் வீட்டில் உட்கார்ந்தே சோதித்துப் பார்க்க இதைவிட நல்ல புரோகிராம் இல்லை. எக்செல் இல்லாதவர்கள் லிப்ரே ஆபீஸ் தொகுப்பில் உள்ள கால்க் புரோகிராமை இலவசமாகப் பதிந்து கொள்ளலாம். இங்கு தரப்படும் கணக்கு இரண்டிலும் இயங்கும்.

எங்கள் ஊர் அய்யலூர். திண்டுக்கல்–திருச்சி சாலையில் போகிறவர்கள் வண்டி கருப்பணசாமி கோயிலில் நின்று கும்பிட்டுவிட்டுப் போவார்கள். வியாழக்கிழமை ஆட்டுச் சந்தை, அது தவிர தக்காளிச் சந்தை. இந்தச் சந்தைகளுக்குப் பாதிச் சரக்கு பைக்கின் பின் கேரியரில்தான் வருகிறது. என் சித்தப்பாவும் அப்படித்தான். ஒரு நடைக்கு 15 கிலோ வீதம் ஆறு பெட்டி தக்காளி. பள்ளத்தில் இறங்கினால் பின்பக்கம் "டங்" என்று இடிக்கும். தடித்த கம்பி ஸ்பிரிங் போட்டால் சரியாகும் என்று கடையில் சொல்லியிருக்கிறார்கள். திரும்பி வரும்போது அதே வண்டியின் பின்சீட்டில் பள்ளி விட்டு வரும் தங்கச்சி உட்கார்ந்திருப்பாள். மாற்றலாமா, வேண்டாமா?

ஸ்பிரிங் வேலை செய்யும் விதம்

ஸ்பிரிங்கை எவ்வளவு அமுக்குகிறோமோ, அதே விகிதத்தில் அது எதிர்த்துத் தள்ளும். இதை ராபர்ட் ஹூக் 1678-ல் வெளியிட்டார். ஒரு மி.மீ. அமுக்க எத்தனை நியூட்டன் விசை வேண்டும் என்பதே அதன் விறைப்பு. (ஒரு கிலோ எடை என்பது 9.81 நியூட்டன்.)

விறைப்பை நிர்ணயிப்பவை நான்கு. எஃகின் தன்மை, கம்பியின் தடிமன், சுருளின் சராசரி விட்டம், வேலை செய்யும் சுற்றுகளின் எண்ணிக்கை. முதலாவது, ஸ்பிரிங் எஃகுக்கு ஏறக்குறைய 79,000 (நியூட்டன்/சதுர மி.மீ.). மற்ற மூன்றையும் நீங்களே அளக்கலாம். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். வெர்னியரால் கம்பித் தடிமனைப் பாருங்கள். சுருளின் வெளிவிட்டத்திலிருந்து ஒரு கம்பித் தடிமனைக் கழித்தால் சராசரி விட்டம். மொத்தச் சுற்றுகளில் மேலும் கீழும் படிந்திருக்கும் இரண்டைக் கழித்தால் வேலை செய்யும் சுற்றுகள்.

இன்னும் ஒரு அளவு வேண்டும். சக்கரம் ஏறும் அளவுக்கு ஷாக் அப்சார்பர் சுருங்காது. சாய்வாகவும் சற்று முன்னாலும் பொருத்தப்பட்டிருப்பதே காரணம். ஆள் இல்லாமல் ஒரு முறை, இருவர் உட்கார்ந்து ஒரு முறை, ஷாக்கின் மேல் போல்ட்டுக்கும் கீழ் போல்ட்டுக்கும் உள்ள தூரத்தை அளங்கள். கூடவே சக்கரத்தின் அச்சிலிருந்து நேர் மேலே சீட் விளிம்பு வரை அளங்கள். எங்கள் வண்டியில் ஷாக் 24 மி.மீ. குறைந்தது, சீட் 30 மி.மீ. இறங்கியது. 24-ஐ 30-ஆல் வகுத்தால் 0.8.

எக்செலில் அமைப்பது

ஏ வரிசையில் பெயர்களையும், பி வரிசையில் எண்களையும் டைப் செய்யவும். கட்டங்களின் பெயரை இங்கே தமிழில் கொடுத்துள்ளேன். நீங்கள் அதற்குரிய ஆங்கில எழுத்தையே அடிக்க வேண்டும்.

பி1: 79000 (எஃகின் தன்மை)
பி2: 7 (கம்பித் தடிமன், மி.மீ.)
பி3: 43 (சராசரி விட்டம், மி.மீ.)
பி4: 14 (சுற்றுகள்)
பி5: =பி1*பி2^4/(8*பி3^3*பி4)
பி6: 0.8 (ஷாக்–சக்கர விகிதம்)
பி7: =2*பி5*பி6^2
பி8: 90 (பெட்டிகளின் எடை, கிலோ)
பி9: =பி8*9.81/பி7

சமன் குறியுடன் தொடங்கினால்தான் அது ஃபார்முலா. இல்லாவிட்டால் வெறும் எழுத்தாக நின்றுவிடும். ^ குறி ஷிப்ட் கீயுடன் 6-ஐ அழுத்தினால் கிடைக்கும். "அடுக்கு" என்று பொருள். என்டர் தட்டியதும் பி5-ல் 21.3 என வரும். இது ஒரு ஸ்பிரிங்கின் விறைப்பு. பி7-ல் 27.3 வரும். இரண்டு ஸ்பிரிங்கும் சேர்ந்து சக்கரத்தில் தரும் விறைப்பு இது. பி9-ல் 32.4. அதாவது ஆறு பெட்டி ஏற்றியதால் மட்டும் பின்பக்கம் 32 மி.மீ. இறங்குகிறது.

இப்போது பி1 முதல் பி9 வரை மவுஸால் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல்+சி அழுத்துங்கள். சி1-ல் கிளிக் செய்து கன்ட்ரோல்+வி. டி1-லும் அதுபோலவே. ஃபார்முலாக்கள் தாமாகவே சி, டி என்று மாறிக்கொள்ளும். சி2-ல் 7.5 என்றும், டி2-ல் 8 என்றும் கம்பித் தடிமனை மாற்றுங்கள்.

விடை சொல்வது என்ன?

90 கிலோவுக்கு மூன்று ஸ்பிரிங்குகளும் முறையே 32, 25, 19 மி.மீ. இறங்குகின்றன. ஒரே ஒரு மி.மீ. தடிமன் கூடியதற்கு விறைப்பு 70 சதவீதம் கூடிவிட்டது. தடிமன் நான்கு முறை பெருக்கப்படுவதுதான் காரணம். பெயின்ட்டோடு சேர்த்து 0.2 மி.மீ. தவறாக அளந்தாலே விடை 12 சதவீதம் மாறும். ஆகவே பெயின்ட் உதிர்ந்த இடத்தில் அளக்கவும்.

"அப்போ எட்டு மி.மீ. போட்டுரலாம்ல?" என்றார் சித்தப்பா. பெட்டி ஏற்றியிருக்கும்வரை சரி. இறக்கிவிட்டுத் திரும்பும்போது அதே விறைப்பு தங்கச்சியின் முதுகில்தான் இறங்கும். மேடு பள்ளத்தில் பின்சக்கரம் தரையை விட்டுத் துள்ளும். துள்ளும் சக்கரத்தில் பிரேக் பிடிக்காது. மேலும் ஷாக்கின் உள்ளே இருக்கும் ஆயில் டேம்பர் பழைய ஸ்பிரிங்குக்கு ஏற்ப அமைக்கப்பட்டது. ஸ்பிரிங்கை மட்டும் விறைப்பாக்கினால், அது திரும்பி விரியும் வேகத்தை டேம்பரால் அடக்க முடியாது.

இப்போது பி8, சி8, டி8 மூன்றிலும் 90-க்குப் பதில் 60 போடுங்கள், நான்கு பெட்டி. இறக்கம் 22, 16, 13 மி.மீ. ஆறு பெட்டியுடன் 7.5 மி.மீ. ஸ்பிரிங் 25 இறங்குகிறது. நான்கு பெட்டியுடன் பழைய ஸ்பிரிங்கே 22 தான் இறங்குகிறது. தடித்த ஸ்பிரிங்கில் வண்டி முதலிலேயே சற்று உயரமாக நிற்கும் என்பது உண்மை. அந்த உயரத்தை ஷாக்கின் அடியில் உள்ள படி வளையத்தைத் திருப்பியே பெறலாம். வளையத்தைத் திருப்பினால் ஸ்பிரிங் விறைப்பாகும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, பி5 மாறாது, உயரம்தான் கூடும்.

ஸ்பிரிங்கால் மாற்ற முடியாத எண்

டயரின் பக்கவாட்டில் அளவை அடுத்து ஒரு எண் அச்சிட்டிருக்கும். 50 என்றால் அந்த டயர் தாங்குவது 190 கிலோ. 52 என்றால் 200. 57 என்றால் 230. சித்தப்பாவின் டயரில் 52. சந்தை எடை மேடையில் பின்சக்கரத்தை மட்டும் ஏற்றி, முன்சக்கரத்தின் கீழ் அதே உயரத்துக்குப் பலகை வைத்து நிறுத்தினோம். சித்தப்பாவும் ஆறு பெட்டியும் சேர்த்து 198 கிலோ. எந்த ஸ்பிரிங் போட்டாலும் இந்த 198 குறையாது. பின்பக்கம் இடிக்காததால் "தாங்குகிறது" என்று நினைத்து ஏழாவது பெட்டியும் ஏறும். அங்கேதான் ஆபத்து. வண்டியின் கையேட்டில் உள்ள அதிகபட்சச் சுமையையும் பார்த்துவிடுங்கள். டயர் எண்ணை விட அது குறைவாக இருந்தால் அதுவே எல்லை.

"ரெண்டு நடை போனா பெட்ரோல் காசு?" என்று கேட்டார். அதையும் எக்செலிலேயே போட்டோம். தோட்டத்திலிருந்து சந்தை 3 கி.மீ., போய்வர 6. லிட்டருக்கு 50 கி.மீ., பெட்ரோல் 100 ரூபாய் என்றால் கூடுதல் நடைக்கு 12 ரூபாய். நசுங்கும் தக்காளியின் விலை அதைவிட அதிகம். ஆயில் கசிந்திருந்த ஷாக் இரண்டையும் கம்பெனி அளவிலேயே புதிதாக மாற்றினோம். நான்கு பெட்டி ஏற்றும்போது வளையம் இரண்டு படி மேலே, திரும்பும்போது பழைய படி.

எங்கும் இதே கணக்கு

பனி கொட்டும் அமெரிக்க, கனடா மலைகளில் பைக்கின் முன்சக்கரத்தைக் கழற்றி பனிச்சறுக்குப் பலகையும், பின்சக்கரத்துக்குப் பதில் ரப்பர் பட்டையும் பொருத்தி ஓட்டுகிறார்கள். இதற்கான கிட் தயாரித்த ஐடஹோவின் டிம்பர்ஸ்லெட் நிறுவனத்தை 2015-ல் போலாரிஸ் வாங்கியது. அங்கும் எடை கூடியவர்கள் பின்பக்க ஷாக்கைத்தான் மாற்ற நினைக்கிறார்கள். அவர்களுக்கும் பி8-ல் சரியான எடையும், பி6-ல் அளந்த விகிதமும்தான் தேவை.

ஒரு எச்சரிக்கை. சுற்றுகளின் இடைவெளி ஒரு பக்கம் நெருக்கமாகவும் மறுபக்கம் அகலமாகவும் உள்ள ஸ்பிரிங் என்றால், அமுக்க அமுக்க விறைப்பு கூடும். இந்தக் கணக்கு அதன் தொடக்க நிலைக்கே பொருந்தும்.

ஃபைலை உங்கள் வண்டியின் பெயரில் சேவ் செய்து வையுங்கள். அடுத்த முறை கடையில் புது ஸ்பிரிங் காட்டினால், விலையைக் கேட்கும் முன் கம்பித் தடிமனைக் கேளுங்கள். வீட்டுக்கு வந்து பி2-ல் அந்த எண்ணைப் போட்டு என்டர் தட்டுங்கள். பிறகு முடிவு செய்யலாம்.