மோட்டார் பெட்டியிலிருந்து மென்பொருள் வரை

மொரப்பூர் வட்டாரத்தில் மரவள்ளியும் மஞ்சளும் பயிரிடும் சிறு விவசாயிகளில் பலர் கிணற்று நீரையும் ஆழ்துளைக் கிணற்று நீரையும் நம்பியே உள்ளனர். மும்முனை மின்சாரம் இரவு முறையில் வரும் நாட்களில், டார்ச் விளக்குடன் வரப்பில் நடந்து சென்று மோட்டாரைப் போடவேண்டியுள்ளது. பாம்புக்கடிக்கும், ஈரக்கையால் ஸ்டார்ட்டரைத் தொட்டு மின்தாக்குதலுக்கும் ஆளாகும் அபாயம் இந்த இரவு வேலையில் உண்டு.

இதே தொல்லையை 1981-ஆம் ஆண்டில் மகாராஷ்டிர மாநிலத்தில் ஓர் இளைஞர் தம் குடும்பத்திலேயே கண்டார். சந்தோஷ் ஓஸ்த்வால் என்பது அவர் பெயர். எண்பது வயதைக் கடந்த அவருடைய தாத்தா, மின்சாரம் எப்போது வரும் என்று தெரியாமல் தோட்டத்துக்கும் வீட்டுக்கும் நடந்து கொண்டிருந்தார். இந்த நடையைக் குறைக்க வழி உண்டா என்று பேரன் எலக்ட்ரானிக்ஸ் பாகங்களை வைத்துச் சோதனை செய்யத் தொடங்கினார். கம்பியில்லா முறையில் செய்த முதல் முயற்சிகள் குறுகிய தூரத்துக்கே பயன்பட்டன. செல்போன் பரவிய பிறகே வழி பிறந்தது. புனே நகரில் அவர் உருவாக்கிய ‘நானோ கணேஷ்’ என்னும் கருவி 2009-இல் நோக்கியா நிறுவனம் நடத்திய போட்டியில் பரிசு பெற்றது.

கருவி வேலை செய்யும் விதம் எளியது. ஸ்டார்ட்டருடன் சிம் கார்டு பொருத்திய ஒரு பெட்டி இணைக்கப்படும். விவசாயி தம் போனிலிருந்து அதை அழைத்து, குறியீட்டு எண்ணை அழுத்தினால் மோட்டார் ஓடும் அல்லது நிற்கும். மின்சாரம் உள்ளதா என்பதையும் வீட்டிலிருந்தே அறியலாம்.

எலக்ட்ரானிக்ஸ் வேலை மென்பொருள் வேலையாக மாறும் இடம் இந்தப் பெட்டிதான். ஸ்டார்ட்டரின் பச்சைப் பொத்தானை அழுத்தினால் காயில் இழுத்துப் பிடிக்கிறது. மின்சாரம் நின்றால் விட்டுவிடுகிறது. மின்சாரம் திரும்பியதும் தானே ஓடவைக்கும் ‘ஆட்டோ’ சுவிட்சைப் பலர் வைத்துள்ளனர். வயல் நிரம்பிய பின்னும் அது ஓடிக்கொண்டே இருக்கும்! நீரை வீணாக்குவதில் இதற்கு இணையில்லை எனலாம். இதற்குப் பதிலாக, ஒரு சிறு சில்லில் கட்டளைகளை எழுதிவைக்க இயலும். மூன்று முனையும் உள்ளனவா? இருந்தால் ஓடு. மோட்டார் இழுக்கும் ஆம்பியர் திடீரெனக் குறைந்ததா? நீர் வற்றியிருக்கும், நிறுத்து. ஒரு மணி நேரம் ஊறவிட்டு மீண்டும் ஓடு. பாறை நிலத்தில் ஊற்று குறைந்த தருமபுரி மாவட்டக் கிணறுகளுக்கு இக்கட்டளை மிகவும் ஏற்றது. முன்பு ரிலேயும் கம்பியும் கொண்டு செய்த வேலையை இப்போது எழுதிய வரிகள் செய்கின்றன. அந்த வரிகளே மென்பொருள் ஆகும்.

ஆகவே, ரேடியோவையும் ஸ்டார்ட்டரையும் கழற்றிப் பார்க்கும் பிள்ளையைப் பெற்றோர் கடிந்துகொள்ள வேண்டியதில்லை. ஐ.டி.ஐ. அல்லது டிப்ளமோ படிப்புடன் ‘ஆர்டுயினோ’ போன்ற சிறு பலகையை வாங்கி, ஐந்து வோல்ட் மின்சாரத்தில் விளக்கை எரியவைத்துப் பழகலாம். பிறகு ‘சி’ மொழி. இவ்வேலை தெரிந்தோருக்கு ஓசூர், பெங்களூரு, கோவை ஆகிய ஊர்களில் வாய்ப்பு உண்டு. பயிருக்கு எத்தனை நாளைக்கு ஒருமுறை நீர் வேண்டும் என்று அறிந்த பிள்ளைக்கு, நகரத்தில் வளர்ந்தவனுக்கு இல்லாத அனுபவம் கூடுதலாக உள்ளது. ஆனால் 415 வோல்ட் ஓடும் மோட்டார் பெட்டியில் கைவைத்துப் பழகுதல் கூடவே கூடாது.

இத்தகைய கருவியை வாங்கும் விவசாயிகள், கிணற்றடியில் செல்போன் சிக்னல் தடையின்றிக் கிடைக்கிறதா என்பதை முதலில் பார்த்துக்கொள்ளவேண்டும். பெட்டியிலுள்ள சிம் கார்டுக்குக் காலந்தோறும் ரீசார்ஜ் செய்யும் செலவு உண்டு. ஒரு முனை இழந்தாலும் நீர் வற்றினாலும் மோட்டாரை நிறுத்தும் வசதி இல்லாத கருவியைத் தவிர்ப்பது நல்லது. ஸ்டார்ட்டருக்கு எர்த் இணைப்பைச் சரிபார்த்த பிறகே கருவியைப் பொருத்தவேண்டும். மானியம் கிடைக்குமா என்பதை மாவட்ட வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்திலும், தொழில்நுட்ப விவரங்களைப் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்திலும் கேட்டு அறியலாம்.