மாட்டின் கணையமும் நம் கணையமும்

கிள்ளானில் படிவம் ஐந்து மாணவர்களுக்கு உயிரியல் கற்பிக்கிறேன். கணையம் பற்றிய பாடம் வந்தால் கேள்விகள் குவியும். பலரது வீட்டில் தாத்தாவோ அம்மாவோ இன்சுலின் ஊசி போட்டுக்கொள்கிறார்கள். 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியப் பெரியவர்களில் ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்கு இனிப்புநீர் உண்டு. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு.

இன்சுலின் சுரக்கும் இடத்தை 1869-இல் முதலில் விவரித்தவர் பால் லாங்கர்ஹான்ஸ். பெர்லினில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த அவருக்கு அப்போது வயது 21. நுண்ணோக்கியில் கணையத்தைப் பார்த்தபோது, செரிமான நீர் சுரக்கும் உயிரணுக்களுக்கு இடையே வேறு வகை உயிரணுக்கள் சிறு சிறு திட்டுகளாக இருப்பதைக் கண்டார். அவற்றின் வேலை என்ன என்பது அவருக்குத் தெரியவில்லை. பின்னர் அத்திட்டுகளுக்கு அவர் பெயரே நிலைத்தது.

திட்டுகளில் உள்ள பீட்டா உயிரணு இன்சுலினைச் சுரந்து இரத்தச் சர்க்கரையைக் குறைக்கிறது. ஆல்பா உயிரணு குளூக்கொகானைச் சுரந்து அதை உயர்த்துகிறது. பீட்டா நடுவில், ஆல்பா ஓரத்தில் என்று பல நூல்களில் படம் இருக்கும். உண்மையில் அது எலியின் அமைப்பு. மாட்டிலும் ஆல்பா பெரும்பாலும் ஓரத்தில்தான் இருக்கிறது. குதிரையில் நேர்மாறு: ஆல்பா நடுவில், பீட்டா சுற்றிலும். மனிதரில் இரண்டும் கலந்தே காணப்படுகின்றன.

ஒப்பிடும்போது ஒரு கவனம் தேவை. கணையத்தின் எல்லாப் பகுதியும் ஒன்றுபோல் இருப்பதில்லை. முன்சிறுகுடலை ஒட்டிய பகுதியில் கணையப் பாலிபெப்டைடு சுரக்கும் உயிரணுக்கள் அதிகம். ஆகவே, ஆட்டின் ஒரு பகுதியை மாட்டின் வேறொரு பகுதியோடு ஒப்பிட்டால் முடிவு பிழையாகிவிடும்.

இது நமக்கு ஏன் முக்கியம்? மாட்டு இன்சுலினில் உள்ள 51 அமினோ அமிலங்களில் மூன்று மட்டுமே மனித இன்சுலினிலிருந்து வேறுபடுகின்றன. அதனால்தான் 1920-களிலிருந்து பல்லாண்டுகள் மாட்டுக் கணையம் நோயாளிகளின் உயிரைக் காத்தது. பாக்டீரியா வழி உருவாக்கிய மனித இன்சுலினுக்கு 1982-இல்தான் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. சுரக்கும் பொருள் ஏறக்குறைய ஒன்றே. சுரக்கும் உயிரணுக்களின் அமைப்போ வேறு. எனவே எலியில் பலித்த சிகிச்சை மனிதருக்கும் அப்படியே பலிக்கும் என்று எண்ணிவிட முடியாது.

மாணவர்களே, உயிரியல் பிடித்தவர்களுக்கு மனித மருத்துவம் மட்டுமே வழியன்று. செர்டாங்கில் உள்ள புத்ரா பல்கலைக்கழகத்தில் கால்நடை மருத்துவப் புலம் இருக்கிறது. அதையும் உங்கள் விருப்பப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.