தாங்கி 91: ஒரு காலைப்பொழுதின் கணக்கு

1942 ஏப்ரல் 9, வியாழக்கிழமை. கொழும்பைத் தாக்கி நான்கு நாள் கழித்து, ஜப்பானியக் கடற்படை திருகோணமலை மீது ஏவிய குண்டுவீச்சு விமானங்கள் 91. அந்த ரக விமானம் ஒன்று 800 கிலோ வரை சுமக்கும். பெருக்கினால் 72,800 கிலோ. இது உச்சக் கணக்குதான். ஆனாலும் துறைமுகமும் சீனக்குடா விமானத்தளமும் அதை ஒரே காலையில் எதிர்கொண்டன. அன்றே மட்டக்களப்புக் கடலில் மூழ்கடிக்கப்பட்ட 'ஹெர்மிஸ்' விமானந்தாங்கிக் கப்பலில் இறந்தவர்கள் 307 பேர்.

அந்தக் காலையின் தடயம் இன்று எங்கே? குண்டுக்குழி நிலைப்பது மண்ணையும் மழையையும் பொறுத்தது. இங்கே ஆண்டுமழை 1,500 மில்லிமீற்றருக்கு மேல், அதிலும் பெரும்பங்கு வாடைக்காற்றோடு சில மாதங்களில் கொட்டித் தீர்ப்பது. 80 மாரிகளில் குழியின் விளிம்பு கரையும், அடியில் வண்டல் சேரும், மேலே பற்றை மூடும். ஓடுபாதையில் விழுந்த குழியையோ உடனே நிரப்பியாக வேண்டும். ஆகவே இரும்பைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

சீனக்குடா எண்ணெய்க் குதத்தில் 91ஆம் இலக்கத் தாங்கி (விமானங்களின் தொகையோடு ஒத்துப்போவது தற்செயல்) அப்படியொரு தடயம். மூவர் இருந்த விமானம் அதன்மேல் பாய்ந்தது. வேண்டுமென்றே மோதினார்கள் என்பது ஊர் வழக்கு. ஏழு நாள் எரிந்ததாகச் சொல்வார்கள். உருகி மடிந்து துருவேறிய தகடுகள் இன்னும் காட்டுக்குள் கிடக்கின்றன. இத்தாங்கிகள் ஒவ்வொன்றின் கொள்ளளவும் ஏறத்தாழ 1.2 கோடி லீற்றர்.

2022 ஜனவரி ஒப்பந்தம் 99 தாங்கிகளைப் பங்கிட்டது: இலங்கைப் பெட்ரோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, லங்கா ஐஓசிக்கு 14, இரண்டின் கூட்டு நிறுவனத்துக்கு 61. எரிந்துபோன தாங்கி அந்த 99இல் இல்லை. யாருடைய பங்கிலும் அது வரவில்லை; அதுதான் என் கவலை.

தடயம் தொலைவது புதிதல்ல. 1942இன் அதே ஏப்ரல் 9இல் குண்டுபட்ட 'சகாயிங்' கப்பலை 1943 ஓகஸ்ட்டில் இறங்குதுறையாகப் பயன்படுத்த மூழ்கடித்தார்கள். 2018 மார்ச்சில் கடற்படைச் சுழியோடிகள் மிதக்கவைத்தார்கள். பிறகு வேறிடத்தில் மீண்டும் மூழ்கடித்தார்கள். அரிய உழைப்பு; ஆனால் கப்பல் கிடந்த இடமும் ஒரு சான்று, அது போய்விட்டது.

தொல்பொருட் கட்டளைச் சட்டம் 'தொல்பொருள்' என்பதற்கு வைத்த எல்லை 1815 மார்ச் 2. தாங்கி 91 எரிந்தது அந்த எல்லைக்கு 127 ஆண்டு பிந்தி. அதைக் காப்பதென்றால் வர்த்தமானியில் தனியாக அறிவிக்க வேண்டும். 61 தாங்கிகளைப் புதுப்பிக்க மண்வெட்டி இயந்திரங்கள் காட்டுக்குள் இறங்குமுன், அந்தத் தகடுகளையும் சுற்றியுள்ள நிலத்தையும் அளந்து வரைபடத்தில் குறித்து, அந்த அறிவித்தலை வெளியிட வேண்டும்.