இலவச மாத்திரைக்கு எவ்வளவு செலவு?

திருக்கடையூர் கோயிலில் அறுபதாம் கல்யாணம் நடக்காத நாள் அபூர்வம். பெற்றோர் மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருக்க, பிள்ளைகள் கலச நீர் ஊற்றுவார்கள். டெல்டா கிராமங்களில் இன்னொரு வகை அறுபதும் உண்டு. வளர்ந்த மகனுக்குச் சோறு போட்டு, மாத்திரையை விழுங்கிவிட்டானா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கும் அம்மாவின் அறுபது.

மனச்சிதைவு நோய் பெரும்பாலும் இளவயதில், சம்பாதிக்கத் தொடங்கும் நேரத்தில் தலைகாட்டும். மகனின் வருமானம் நிற்கும். அவனைப் பார்த்துக்கொள்பவரின் வருமானமும் பின்னாலேயே நிற்கும்.

அரசு மருத்துவமனையில் மாத்திரைக்குக் காசில்லையே, பிறகென்ன செலவு? கணக்குப் போட்டுப் பார்ப்போம். திருக்கடையூரிலிருந்து மயிலாடுதுறை இருபது கிலோமீட்டருக்குச் சற்றுக் கூட. காலையில் கிளம்பினால் சீட்டு, வரிசை, டாக்டர், மருந்து என்று பொழுது போய்விடும். நகரப் பேருந்தில் அம்மாவுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் அன்றைய கூலி போச்சு. நூறு நாள் வேலையின் 2024-25 கூலியான 319 ரூபாயை வைத்துக்கொண்டாலும், அப்பாவும் கூடப் போனால் 638 ரூபாய். 2015-16 தேசிய மனநல ஆய்வு, இத்தகைய குடும்பங்கள் சிகிச்சைக்கும் பயணத்துக்குமாக மாதம் 1,000 முதல் 1,500 ரூபாய் வரை செலவழிப்பதாகச் சொன்னது.

நடவு மாதத்தில் அந்தப் பயணம் தள்ளிப்போகும். மாத்திரை தீரும். சில வாரங்களில் தூக்கம் கெட்டு, நோய் திரும்பும். அப்புறம் நடுராத்திரியில் வாடகைக் கார், மருத்துவமனையில் படுக்கை, அடகுக் கடையில் தோடு. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி மனநோயாளர் காப்பகத்தில் சங்கிலியோடு தீயில் கருகிய 28 பேரை நினைக்கும்போதெல்லாம் பலருக்கு அவர்களின் குடும்பங்களைத் திட்டத் தோன்றும். எனக்கு அது முடியவில்லை. எத்தனை குடும்பங்கள் பணமும் உடம்புத் தெம்பும் தீர்ந்துபோய் அங்கே வந்து சேர்ந்திருக்கும்!

இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டது புதுக்கோட்டை. டாக்டர் சாரதா மேனன் 1984இல் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப் என்ற மனநல அமைப்பு, 2010இல் ஒரு பேருந்தையே மனநலச் சிகிச்சையகமாக்கி அங்குள்ள கிராமங்களுக்கு அனுப்பியது. உள்ளே ஒரு திரை. சென்னையிலிருந்து டாக்டர் அதில் பேசுவார், மருந்து பேருந்திலேயே இலவசமாகக் கிடைக்கும். மனநல மருத்துவர்கள் குறைவு, அவர்களின் நேரம்தான் விலை கூடியது. அதைச் சாலையில் செலவழிக்காமல், வீடு தேடிப் போகும் வேலையைப் பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்களிடம் கொடுத்தார்கள். குடும்பத்துக்கோ ஒரு நாள் கூலி மிச்சம்.

தமிழக அரசு 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை மாத்திரை வாசலுக்கே வருகிறது. அந்தப் பையில் மனநோய் மாத்திரையும் மாதம் தவறாமல் இருந்தால், நடவு நாளில் சிகிச்சை அறுபடாது.

மிச்சமிருப்பது அந்த அம்மாவின் கேள்வி: "எனக்கப்புறம் இவன யாரு பாத்துக்குவா?" பேனியன் அமைப்பு 2015 முதல் 'ஹோம் அகெய்ன்' திட்டத்தில் சாதாரணத் தெருக்களில் வீடு பிடித்து, மனநோயோடு வாழும் நாலைந்து பேரை ஒரு துணையாளரோடு குடிவைக்கிறது. அங்கே அவர்களே காய் வாங்குகிறார்கள், சமைக்கிறார்கள், பக்கத்து வீட்டாரோடு பேசுகிறார்கள்.